ஊட்டி குளிருக்கு ஹாட் அண்ட் கோல்டு ஏ.சி... யாருக்குத் தேவை, எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?

நவம்பர் பாதி தாண்டினாலே நீலகிரியில் உறைபனி பற்றிய பேச்சு ஆரம்பித்துவிடும். தலைகுந்தா புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும் படங்கள் ஒவ்வொரு குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் வந்து விழும். இரண்டு நாள் சுற்றுலா வருபவர்களுக்கு அது கொண்டாட்டம். ஆனால், அங்கேயே வீடு வைத்திருப்பவர்களுக்கு, அதிலும் வயதான அப்பா அம்மாவோ கைக்குழந்தையோ இருக்கும் வீடுகளுக்கு, அடுத்த மூன்று மாத இரவுகளை எப்படிக் கடத்துவது என்பதுதான் கவலை.

கம்பளி, ஸ்வெட்டர், ரூம் ஹீட்டர் என்று சமாளித்து வந்தவர்கள் மத்தியில், இப்போது 'ஹாட் அண்ட் கோல்டு ஏ.சி' என்ற பெயர் அடிக்கடி அடிபடுகிறது. வெயில் காலத்தில் குளிர்ச்சி, குளிர் காலத்தில் வெதுவெதுப்பு, இரண்டும் ஒரே மெஷினில். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், இது எல்லா வீட்டுக்கும் தேவையா? கடைக்காரர் காட்டும் மெஷின் உண்மையிலேயே வெப்பம் தருமா? கரன்ட் பில் எவ்வளவு எகிறும்? வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றைப் பார்ப்போம்.

முதலில் கரியடுப்பை வெளியே வையுங்கள்

ஏ.சி பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். குளிருக்காகக் கரியடுப்பையோ, பார்பிக்யூ அடுப்பையோ அறைக்குள் வைத்து, கதவு ஜன்னல்களை அடைத்துவிட்டுத் தூங்கியவர்கள் மறுநாள் காலை எழுந்திருக்கவே இல்லை என்ற செய்தி மலைப் பிரதேசங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் குளிர்காலங்களில் வந்துகொண்டே இருக்கிறது.

காரணம், கார்பன் மோனாக்சைடு. கரி அரைகுறையாக எரியும்போது வெளிவரும் இந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். அதனால் உடலுக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது. முதலில் தலைவலி, குமட்டல், அசதி வரும். தூங்கிக்கொண்டிருப்பவருக்கு அதுவும் தெரியாது. புகையே வராமல் கனன்றுகொண்டிருக்கும் கரிதான் 'பாதுகாப்பானது' என்று பலரும் நினைக்கிறார்கள். புகை இல்லை என்றால் இந்த வாயு இல்லை என்று அர்த்தம் இல்லை.

அறைக்குள் யாருக்காவது இப்படி மயக்கம் வந்தால், கதவு ஜன்னல்களைத் திறந்து, அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டு வந்துவிட்டு, உடனே 108-ஐ அழைக்க வேண்டும். ஆகவே எந்த ஹீட்டரை வாங்குவது என்ற கேள்வி வசதி சம்பந்தப்பட்டது மட்டுமல்ல. மின்சாரத்தில் இயங்கும் ஹீட்டரோ, ஏ.சியோ அறைக்குள் எதையும் எரிப்பதில்லை. இந்த ஆபத்து அவற்றில் கிடையாது.

ஏ.சி எப்படிச் சூடு தரும்?

சாதாரண ஏ.சி செய்வது ஒரே ஒரு வேலைதான். அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. அதனால்தான் அவுட்டோர் யூனிட் பக்கத்தில் நின்றால் அனல் அடிக்கிறது.

ஹாட் அண்ட் கோல்டு ஏ.சியில் கூடுதலாக ஒரு வால்வு இருக்கும். 'ஃபோர் வே வால்வு' அல்லது 'ரிவர்ஸிங் வால்வு' என்பார்கள். ஹீட் மோடைப் போட்டதும் இந்த வால்வு, குழாய்க்குள் ஓடும் கேஸின் பாதையைத் திருப்பிவிடும். இப்போது வேலை தலைகீழ். வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சி வீட்டுக்குள் கொண்டு வருகிறது.

'வெளியே 5 டிகிரி குளிரில் ஏது வெப்பம்?' என்ற சந்தேகம் வரும். நமக்குத்தான் அது குளிர். அவுட்டோர் யூனிட்டுக்குள் ஓடும் கேஸ் அதைவிடக் குளிர்ந்த நிலையில் இருப்பதால், 5 டிகிரி காற்றிலிருந்தும் அதற்கு வெப்பம் கிடைத்துவிடும். இந்த முறைக்கு 'ஹீட் பம்ப்' என்று பெயர்.

இதில்தான் பணமும் மிச்சமாகிறது. காயில் ஹீட்டரோ, ஆயில் ஹீட்டரோ 1 யூனிட் கரன்ட்டை வாங்கினால் 1 யூனிட் வெப்பம்தான் தர முடியும். ஹீட் பம்ப் வெப்பத்தைப் புதிதாக உண்டாக்குவதில்லை, இடம் மாற்றுகிறது. அதனால் 1 யூனிட் கரன்ட்டுக்கு சுமார் 3 யூனிட் வெப்பம் கொடுக்கும். வெளியே குளிர் கூடக் கூட இந்த விகிதம் குறையும்.

பில் எவ்வளவு வரும்? ஒரு கணக்கு

ஊட்டியில் நடுத்தர அளவில் ஒரு படுக்கையறை. இரவில் 6 மணி நேரம் வெப்பம் வேண்டும். மணிக்குச் சராசரியாக 1.5 யூனிட் வெப்பம் தேவை என்று வைத்துக்கொள்வோம். ஓர் இரவுக்கு 9 யூனிட். இரண்டு மாத பில் காலத்தில், அதாவது 60 நாளில், 540 யூனிட்.

ஆயில் ஹீட்டர் என்றால் இந்த 540 யூனிட்டும் அப்படியே மீட்டரில் ஏறும். ஹீட் பம்ப் என்றால், 1-க்கு 3 என்ற விகிதத்தில் 180 யூனிட். கடும்குளிரில் விகிதம் 2.5 ஆகக் குறைந்தாலும் 216 யூனிட்தான்.

தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணத்தில் இந்த வித்தியாசத்துக்கு இன்னொரு முக்கியத்துவம் உண்டு. முதல் 100 யூனிட் இலவசம் என்பது தெரியும். ஆனால், இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டும் கட்டணம் கூடுவதில்லை. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த குறைந்த கட்டணமும் போய்விடும். வீட்டின் மற்ற உபயோகம் 250 யூனிட் என்றால், ஆயில் ஹீட்டரோடு சேர்த்து 790 யூனிட். ஹீட் பம்போடு சேர்த்தால் 430 முதல் 466 வரைதான். 500-க்குள் அடங்கிவிடும்.

ஆனால், வருடத்தில் பத்துப் பதினைந்து நாள் மட்டுமே ஹீட்டர் போடும் வீடு என்றால், இந்த மிச்சம் ஏ.சியின் விலையை ஈடுகட்டாது. அவர்களுக்கு ஒரு நல்ல ஆயில் ஹீட்டரே போதும்.

யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை?

* சென்னை, மதுரை, திருச்சி போன்ற ஊர்களில் இருப்பவர்களுக்கு இது தேவையே இல்லை. மார்கழி அதிகாலைக் குளிருக்கு ஃபேனை அணைத்தால் போதும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுப்பது வீண்.

* பெங்களூரு, ஏற்காடு போன்ற மிதமான குளிர் ஊர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஆயில் ஹீட்டரே போதும். வீட்டில் முதியவர்கள், ஆஸ்துமா இருப்பவர்கள் இருந்தால் யோசிக்கலாம்.

* ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் வீடுகளில் குளிர்ச்சிக்கு ஏ.சி தேவைப்படும் நாள்கள் மிகக் குறைவு. இங்கே வாங்குவது வெப்பத்துக்காகத்தான். தினமும் பல மணி நேரம் சூடு வேண்டும் என்ற வீடுகளுக்கு இது பொருந்தும்.

* வேலைக்காக டெல்லி, நொய்டா, குருகிராம் பக்கம் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்குத்தான் இது மிகச் சரியாகப் பொருந்தும். மே, ஜூனில் 40 டிகிரியைத் தாண்டும் வெயில், ஜனவரி இரவுகளில் 5, 6 டிகிரி வரை இறங்கும் குளிர். இரண்டுக்கும் தனித்தனியாகச் செலவு செய்ய வேண்டியதில்லை.

ரிமோட்டில் சூரியன் படம் இருந்தால் போதுமா?

போதாது. கடையில் பலரும் ஏமாறும் இடம் இதுதான். சில கம்பெனிகள் பல மாடல்களுக்கும் ஒரே ரிமோட்டைக் கொடுக்கின்றன. அதில் ஹீட் மோடு பட்டனும், சூரியன் படமும் இருக்கும். மெஷின் குளிர்ச்சி மட்டும் தரும் மாடலாக இருந்தால், அந்த பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் சூடு வராது.

அதேபோல 'இன்வெர்ட்டர் ஏ.சி' என்றால் சூடும் வரும் என்று அர்த்தம் இல்லை. கம்ப்ரஸரின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் தொழில்நுட்பம் அது. '5 இன் 1 கன்வெர்ட்டிபிள்' என்பதும் குளிர்ச்சியின் அளவைக் கூட்டிக் குறைப்பது பற்றியதுதான்.

பெட்டியிலும், ஸ்பெசிஃபிகேஷன் தாளிலும் 'ஹாட் அண்ட் கோல்டு' அல்லது 'ஹீட் பம்ப்' என்று அச்சாகி இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே ஹீட்டிங் கெப்பாசிட்டி, ஹீட்டிங்குக்கான கரன்ட் அளவு என்ற இரண்டு எண்களையும் கேளுங்கள். அவை தாளில் இல்லை என்றால் அந்த மாடலை விட்டுவிடலாம்.

ஸ்டார் மட்டும் பார்த்தால் ஏன் போதாது?

ஏ.சியில் ஒட்டியிருக்கும் ஸ்டார் லேபிளை வெளியிடுவது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பீ.இ.இ. அதில் 'ஐ.எஸ்.இ.இ.ஆர்' என்று ஓர் எண் இருக்கும். வெளி வெப்பநிலை 24 முதல் 43 டிகிரி வரை இருக்கும் நாள்களில் மெஷின் எவ்வளவு சிக்கனமாகக் குளிரூட்டுகிறது என்பதை வைத்துப் போடப்படும் எண் அது. 5 டிகிரி குளிரில் அது எவ்வளவு சிக்கனமாகச் சூடு தரும் என்பதை அந்த லேபிள் சொல்லாது.

டெல்லி வீட்டுக்கு இரண்டும் முக்கியம். ஊட்டி வீட்டுக்கு ஸ்டாரைவிட ஹீட்டிங் திறன்தான் முக்கியம். அதை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஹீட்டிங் கெப்பாசிட்டியை, ஹீட்டிங்குக்கு எடுக்கும் கரன்ட்டால் வகுத்தால் போதும். 5,000 வாட் வெப்பம் தர 1,500 வாட் எடுக்கிறது என்றால் விடை 3.3. இதைத்தான் 'சி.ஓ.பி' என்கிறார்கள். 3-க்கு மேல் இருந்தால் நல்லது. விடை 1-க்குப் பக்கத்தில் வந்தால், அதற்குள் இருப்பது வெறும் காயில் ஹீட்டர். ஏ.சி விலை கொடுத்து அதை வாங்க வேண்டியதில்லை.

எத்தனை டிகிரி வரை தாங்கும்?

ஒவ்வொரு மாடலுக்கும், வெளியே எத்தனை டிகிரி வரை ஹீட் மோடு வேலை செய்யும் என்று ஓர் எல்லை உண்டு. இது மேனுவலில் இருக்கும். உறைபனி விழும் இடத்தில் வீடு இருந்தால், பூஜ்ஜியத்துக்குக் கீழே சில டிகிரி வரையாவது வேலை செய்யும் மாடல்தான் தேவை. இதைக் கேட்காமல் வாங்கினால், குளிர் அதிகம் இருக்கும் அதிகாலையில்தான் மெஷின் கைவிடும்.

எத்தனை டன்?

1 டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யு, அதாவது சுமார் 3,500 வாட் வெப்பத்தை நகர்த்தும் திறன். பொதுவாக 100 முதல் 120 சதுர அடி அறைக்கு 1 டன், 180 சதுர அடி வரை 1.5 டன் என்று சொல்வார்கள். மலை வீடுகளுக்கு இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டு காரணங்கள்.

ஒன்று, கூரை. பழைய பங்களா வகை வீடுகளில் கூரை 14 அடி உயரத்தில் இருக்கும். 10 அடி உயர அறையோடு ஒப்பிட்டால், சூடாக்க வேண்டிய காற்று 40 சதவிகிதம் அதிகம். சூடான காற்று மேலே ஏறும் என்பதால், மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும், கட்டிலில் படுத்திருப்பவருக்குக் குளிர் போகாது. முதலில் ஃபால்ஸ் சீலிங் போட முடியுமா என்று பாருங்கள்.

இரண்டு, உயரம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி, கடலோர ஊர்களைவிட சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் காயில் வழியாகப் போகும் காற்றின் எடை குறைவதால், பெட்டியில் போட்டிருக்கும் திறன் முழுதாகக் கிடைக்காது. இரண்டு அளவுக்கு நடுவில் தடுமாறினால், மலை ஊரில் பெரிய அளவை எடுப்பது சரி.

எந்த அளவாக இருந்தாலும், கதவின் அடி இடைவெளிக்கு ரப்பர் பட்டை, ஜன்னலுக்குத் தடிமனான திரை, மரச்சட்டங்களின் இடுக்குகளுக்குப் பூச்சு ஆகியவற்றை முதலில் செய்துவிடுங்கள். சில நூறு ரூபாய் செலவு. இதைச் செய்யாமல் 2 டன் மாட்டினாலும் வெப்பம் வெளியேதான் போகும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை

* வெயில் காலத்தில் தண்ணீர் இண்டோர் யூனிட்டிலிருந்து சொட்டும். ஹீட் மோடில் அவுட்டோர் யூனிட்டிலிருந்து சொட்டும். நடைபாதைக்கு மேலோ, பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டியோ மாட்டாதீர்கள். கடும்குளிரில் அந்தத் தண்ணீர் உறைந்தால் நடப்பவர் வழுக்கி விழ வாய்ப்பு உண்டு.

* அவுட்டோர் யூனிட்டைத் தரையோடு வைக்காமல் ஸ்டாண்டில் உயர்த்தி வைக்க வேண்டும்.

* மெயின் போர்டிலிருந்து தனி ஒயர், தனி எம்.சி.பி, சரியான எர்த் ஆகியவை கட்டாயம். வீட்டு இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட லோடு போதுமா என்பதை எலக்ட்ரீஷியனிடம் முன்பே கேளுங்கள்.

* வோல்டேஜ் ஏறி இறங்கும் பகுதி என்றால் ஸ்டெபிலைசர் வையுங்கள். இன்வெர்ட்டர் ஏ.சியில் போர்டு போனால் செலவு அதிகம். கம்ப்ரஸர் வாரன்டியோடு 'பி.சி.பி' எனப்படும் அந்த போர்டுக்கு எத்தனை வருட வாரன்டி என்றும் கேளுங்கள்.

* சர்வீஸ் ஆள் உள்ளூரில் இருக்கிறாரா, கோவையிலிருந்து மலையேறி வர வேண்டுமா? மலை ஊர்க்காரர்கள் பில் போடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. ஆன்லைனில் ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைத்தாலும், டிசம்பரில் பழுதானால் அந்த லாபம் கண்ணுக்குத் தெரியாது.

'ரிப்பேர் ஆகிவிட்டதோ?' என்று பயப்பட வேண்டாம்

ஹீட் மோடு போட்டதும் சில நிமிடங்களுக்குக் காற்றே வராது. காயில் சூடான பிறகுதான் ஃபேன் சுற்ற ஆரம்பிக்கும். குளிர்ந்த காற்றை முகத்தில் அடிக்கக் கூடாது என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது.

கடும்குளிர் இரவில் நடுநடுவே சூடு நின்று, அவுட்டோர் யூனிட்டிலிருந்து புகைபோல ஆவி கிளம்பும். காயிலில் படிந்த பனியை மெஷின் தானே உருக்கிக்கொள்கிறது. 'டிஃப்ராஸ்ட்' என்று பெயர். சில நிமிடங்களில் மீண்டும் சூடு வரும். அந்தப் பனியைக் கம்பியால் சுரண்டவோ, கொதிநீர் ஊற்றவோ கூடாது.

எத்தனை டிகிரியில் வைப்பது?

குளிர் காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதியவர்கள், குழந்தைகள், நோயாளிகள் இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். 20 முதல் 22 டிகிரி போதும். சீக்கிரம் சூடாகட்டும் என்று 30-ல் வைத்தால் பில் ஏறும், தொண்டை வறளும்.

காற்று வரும் தகட்டைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். அதேசமயம், கட்டிலில் படுத்திருக்கும் குழந்தை மீதோ, பாட்டி முகத்திலோ நேராக அடிக்கக் கூடாது. சூடான அறையிலிருந்து நள்ளிரவில் பாத்ரூம் போக எழும் பெரியவர்களுக்குக் காலுறையும் சால்வையும் கட்டில் பக்கத்திலேயே இருக்கட்டும். ஃபில்டரை மாதம் ஒருமுறையாவது கழுவுங்கள்.

மழையும் காற்றும் அடித்தால் மலையில் கரன்ட் போவது சகஜம். வீட்டில் இருக்கும் பேட்டரி இன்வெர்ட்டரில் பொதுவாக ஏ.சி ஓடாது. எனவே ஏ.சி வாங்கிவிட்டோம் என்று கம்பளியையும் வெந்நீர் ஒத்தடப் பையையும் பரணில் போட்டுவிடாதீர்கள். கரன்ட் போன இரவில் அவசரத்துக்கு என்று கரியடுப்பை அறைக்குள் கொண்டு வராமல் இருக்க அவைதான் உதவும்.

கடைக்குப் போகும்போது மறக்காமல் கேட்க வேண்டியவை ஐந்து: இது ஹீட் பம்ப்தானா, ஹீட்டிங் கெப்பாசிட்டியும் அதற்கான கரன்ட் அளவும் எவ்வளவு, வெளியே எத்தனை டிகிரி வரை வேலை செய்யும், போர்டுக்கு எத்தனை வருட வாரன்டி, சர்வீஸ் ஆள் எந்த ஊரில் இருக்கிறார். ஐந்துக்கும் தாளைக் காட்டிப் பதில் சொல்லும் கடையில் வாங்குங்கள்.